டேசியர் செதுக்காத வாயில்கள்

ருமேனியாவின் வட எல்லையில் இருக்கும் மரமுரேஷ் பகுதியின் மரவாயில்களைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. தூணில் செதுக்கிய வட்டப் பூ சூரியன். கிறித்தவத்துக்கு முந்திய டேசியரின் சூரிய வழிபாட்டு எச்சம். தூணைத் தழுவி ஏறும் முறுக்குக் கயிறு முடிவின்மையின் குறி. கிளைவிட்ட செடி உயிர்மரம், சாவற்ற வாழ்வு. விளிம்பில் ஓடும் முக்கோண வரிசை ஓநாய்ப்பல். டேசியப் படையின் ஓநாய்த்தலைக் கொடியின் நினைவு. பயணக் கையேடுகள், விடுதிப் பலகைகள், ஆவணப்படங்கள் எல்லாம் இதையே சொல்கின்றன. வாயில் ஒரு மறைமொழி. இரண்டாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் அதைப் பொருள் மாறாமல் கைமாற்றி வந்திருக்கிறார்கள். அகராதி கையில் இருந்தால் எவரும் படித்துவிடலாம் என்பது இதன் சாரம்.

இந்தக் கருத்து தவறு. சில விவரங்களில் மட்டும் பிழை என்றால் ஒரு திருத்தப் பட்டியல் போதும். இங்கே வாயிலைப் பார்க்கும் முறையே பிழையாக இருக்கிறது. அந்தப் பார்வை செதுக்கியவரின் பெயரை அழிக்கிறது, அண்டைச் சமூகங்களை வரலாற்றிலிருந்து துடைக்கிறது, இன்றும் உயிரோடு இருக்கும் ஒரு கைத்தொழிலைப் பழம்பொருளாக்குகிறது. ஆகவே முழுதாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். டேசியர் என்போர் தன்யூப் நதிக்கு வடக்கே வாழ்ந்த பழங்குடியினர். ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 106-இல் அவர்களை வென்றார். மரமுரேஷ் அந்த ரோம மாகாணத்துக்கு வெளியே இருந்தது; மலை சூழ்ந்த இடம். அங்கே பழைய வழக்கங்கள் நீடித்திருக்க வாய்ப்பு உண்டு என்கிறார்கள். டேசியரின் தலைநகரான சர்மிசெகெதுசாவில் ஆண்டசைட் கல்லால் அமைத்த ஒரு சூரிய வட்டம் கிடைத்திருக்கிறது. ரோமில் உள்ள டிராஜன் தூணில் டேசியரின் ஓநாய்த்தலைக் கொடி செதுக்கப்பட்டிருக்கிறது. மிர்ச்சா எலியாதே போன்ற சமய வரலாற்றாளர் டேசியருக்கும் ஓநாய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியே எழுதியிருக்கிறார். ரொமுலுஸ் வுல்கனெஸ்கு 1972-இல் வானத்தைத் தாங்கும் தூண் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். இவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கிராமச் சடங்குகளில் திருச்சபை கற்பிக்காத கூறுகள் உண்டு என்பதும் மெய். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் வாயில் அகராதி நிற்காது. ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இடையில் உள்ள ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் எங்கே?

ஒரு மரபு தொடர்ந்தது என்று சொல்பவர், தொடர்ச்சியைக் காட்ட வேண்டும். டேசியரின் செதுக்கு வாயில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்ததில்லை. மழையிலும் பனியிலும் நிற்கும் ஓக் மரம் சில தலைமுறைகள் தாங்கும். ஆயிரம் ஆண்டு தாங்காது. இன்று மரமுரேஷில் நாம் காணும் வாயில்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தென்கிழக்கே டிரான்சில்வேனியாவில் வாழும் செக்கேய் மக்களின் வாயில்களில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதாக அறியப்படுவது 1673 என்ற ஆண்டு பொறித்த மிக்காசா மடத்து வாயில். டேசியா வீழ்ந்ததற்கும் இதற்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் வாயில்கள் இருந்தன, அவற்றில் இதே உருக்கள் இருந்தன, இதே பொருளோடு இருந்தன என்ற மூன்று ஊகங்களையும் நாம் சான்றின்றி ஏற்க வேண்டும் என்கிறார்கள்.

டேசியர் தம் சமயம் பற்றித் தாமே எழுதிய நூல் எதுவும் இல்லை. சால்மொக்சிஸ் என்ற அவர்களது தெய்வம் பற்றி நமக்குத் தெரிந்ததன் அடிப்படை கிரேக்கரான ஹெரொடோட்டஸ் எழுதிய சில பத்திகள். அவற்றில் வாயிலும் இல்லை, கயிறும் இல்லை, வட்டப் பூவும் இல்லை. சர்மிசெகெதுசாவின் கல் சூரியனைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். நடு வட்டத்திலிருந்து பத்துப் பாளங்கள் கதிராக விரிகின்றன. தரையில் பதித்த கல்தளம் அது. வாயிலில் அடிக்கடி வருவதோ ஆறு இதழ்ப் பூ. வட்டம் என்பதைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது எதுவும் இல்லை.

2. மரமுரேஷ் தனித்துக் கிடந்தது என்று யார் சொன்னது?

தொடர்ச்சிக்குச் சான்று கேட்டால், ஒதுக்குப்புறம் என்பதே சான்று என்கிறார்கள். மலை மூடிய பள்ளத்தாக்கு, வெளியார் வராத ஊர், ஆகவே மாறாத மரபு என்பது அந்த வாதம். வரலாறு வேறு சொல்கிறது. மரமுரேஷில் உப்புச் சுரங்கங்கள் இருந்தன. ஒக்னா ஷுகதாக், கொஷ்தியூய் போன்ற இடங்களில் வெட்டிய உப்பு தீசா நதியில் இறங்கி ஹங்கேரிய சமவெளிக்குப் போனது. உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அரசன் இருப்பான், அதிகாரி இருப்பான், வணிகன் இருப்பான். பல நூற்றாண்டுகள் இது ஹங்கேரிய அரசின் ஒரு மாவட்டம்; பிறகு ஹாப்ஸ்பர்க் ஆட்சி. விஷேவு தெ சுஸ் ஊரில் மரம் வெட்டக் குடியேறிய ஜிப்ஸர் ஜெர்மானியர் இருந்தார்கள். தீசாவின் இரு கரையிலும் உக்ரைனிய ஊர்கள் உண்டு. சிகெத் நகரில் பெரிய யூதச் சமூகம் இருந்தது. எழுத்தாளர் எலீ வீசெல் 1928-இல் பிறந்தது அங்கேதான். 1944-இல் அந்தச் சமூகம் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டது. மால்டேவியா அரசை நிறுவிய போக்தான் பதினான்காம் நூற்றாண்டில் மலையைத் தாண்டிச் சென்றது இங்குள்ள குஹெயா ஊரிலிருந்து. 1717-இல் தாத்தார் படைகள் இங்கே வரை வந்து ஊர்களையும் தேவாலயங்களையும் எரித்தன.

இத்தனை போக்குவரத்து நடந்த இடத்தை மூடிய பெட்டியாகச் சித்திரித்தால்தான் டேசியக் கதை நடக்கும். பெட்டி திறந்தே இருந்தது என்று தெரிந்த மறுகணம், ஒவ்வொரு உருவும் எந்த வழியாக வந்தது என்று தனித்தனியே கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் அகராதி கேட்கவிடுவதில்லை.

3. எங்கும் இருப்பது எப்படி ஒருவருக்கு மட்டும் வாரிசு உரிமை தரும்?

ஆறு இதழ்ப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். கவராயத்தை ஓர் அளவுக்கு விரித்து வட்டம் போடுங்கள். அதே விரிப்பை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் முள்ளை ஊன்றி ஊன்றி வில் வரையுங்கள். ஆறாவது ஊன்றலில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்வீர்கள். நடுவில் ஆறு இதழ் மலர்ந்திருக்கும். கவராயம் பிடிக்கத் தெரிந்த எந்தத் தச்சருக்கும் இது முதல் வாரத்திலேயே கைவந்துவிடும். பாஸ்க் நாட்டுக் கல்லறைக் கற்களில், ஆல்ப்ஸ் மலைவீடுகளின் மரப்பெட்டிகளில், போலந்தின் தத்ரா மலை வீடுகளின் உத்திரங்களில், இங்கிலாந்தின் பழைய களஞ்சியச் சுவர்களில் இதே பூ இருக்கிறது. இவர்கள் அனைவரும் டேசியரின் பேரப்பிள்ளைகளா?

ஓநாய்ப்பல்லும் அப்படியே. மரத்தின் விளிம்பில் உளியைச் சாய்த்து ஒரு வெட்டு, எதிர்ச்சாய்வில் இன்னொரு வெட்டு. ஒரு முக்கோணச் சில்லு தெறித்து விழும். அதையே தொடர்ந்து செய்தால் பல்வரிசை. மரமும் இரும்பும் சந்திக்கும் இடமெல்லாம் இது தோன்றும். கருவியும் கையும் தரும் வடிவம் முதலில் வருகிறது; பெயரும் விளக்கமும் பின்னால் வருகின்றன.

இங்கே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: இவை மனித மனத்தின் ஆதி வடிவங்கள், அதனால்தான் எங்கும் இருக்கின்றன என்று. நல்லது. ஆதி வடிவம் என்றால் அது எல்லா மக்களுக்கும் பொது. டேசியருக்கு மட்டும் சொந்தமில்லை. டேசியருக்குச் சொந்தம் என்றால் அது ஆதி வடிவமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. வாயில் அகராதியோ ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டையும் சொல்கிறது.

4. தெருமுனையில் தேவாலயம் இருக்க, இரண்டாயிரம் ஆண்டு பின்னால் ஏன் போக வேண்டும்?

மரமுரேஷ் ஊர்கள் தம் மரத் தேவாலயங்களுக்காக உலகறிந்தவை. பர்சானா, புதேஷ்தி, தெசேஷ்தி, யேவுத் உட்பட எட்டுத் தேவாலயங்களை யுனெஸ்கோ 1999-இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. தேவாலயம் கட்டிய தச்சுத் தொழில்தான் வாயிலையும் கட்டியது. மரம் அதே மரம், உளி அதே உளி. தேவாலயச் சுவரைச் சுற்றி இடைக்கச்சைபோல ஒரு முறுக்குக் கயிறு ஓடுவதை இங்கே காணலாம். இந்தக் கயிறு கல்லிலும் உண்டு. தெற்கே கூர்த்தேயா தெ ஆர்ஜெஷில் 1517-இல் அருட்பொழிவு செய்யப்பட்ட மடாலயத்தின் நடுவே கல்லில் செதுக்கிய முறுக்குக் கயிறு சுற்றி வருகிறது. ஆர்மீனிய, ஜார்ஜிய தேவாலயங்களிலும் அதன் உறவினம் உண்டு. கிழக்குக் கிறித்தவக் கட்டடக்கலையின் அணி ஒன்று தேவாலயத்திலிருந்து வீட்டு வாயிலுக்கு இறங்கியிருக்கலாம் என்ற எளிய விளக்கம் கண்முன் நிற்கிறது. அதைத் தாண்டிக் குதித்து முடிவின்மைக்கும் டேசியருக்கும் போகிறார்கள்.

சூரியனையும் சந்திரனையும் பார்ப்போம். பெர்பேஷ்தி ஊரின் சாலையோரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு மரச்சிலுவைக் கூடம் ஒன்று புகழ்பெற்றது. அதில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவோடு சூரியனும் சந்திரனும் இருக்கின்றன. உடனே பழைய சூரிய வழிபாடு என்று எழுதிவிடுகிறார்கள். கி.பி. 586-இல் சிரியாவில் எழுதி முடித்த ரபூலா நற்செய்தி ஏட்டில், சிலுவைக் காட்சியின் மேலே சூரியனும் சந்திரனும் வரையப்பட்டிருக்கின்றன. கிறிஸ்து இறந்தபோது வானம் இருண்டது என்ற நற்செய்திக் கூற்றின் ஓவியம் அது. கிறித்தவ உலகெங்கும் பரவியது. உயிர்மரம் விவிலியத்தின் முதல் நூலிலேயே இருக்கிறது. தேவாலயத்துக்குப் போகும் எந்த உழவருக்கும் தெரிந்த கதை. சாடியிலிருந்து கிளைவிட்டு எழும் பூச்செடியோ, மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து டிரான்சில்வேனியாவின் கற்செதுக்கிலும் கூரை ஓவியத்திலும் நிறைந்திருந்த அணி.

இந்த விளக்கங்கள் ஒவ்வொரு வாயிலுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அருகில், காலம் தெரிந்த, கண்ணால் காணத்தக்க மூலங்கள் இருக்கும்போது, சான்றில்லாத தொலைவான மூலத்தை முதலில் நிறுத்துவது ஆய்வு முறை ஆகாது என்கிறேன். கிறித்தவ உழவரின் நம்பிக்கையை வெறும் மேற்பூச்சாகவும் அதன் அடியில் இருப்பதாக நாம் கற்பனை செய்வதையே உண்மையாகவும் கொள்வது, அந்த உழவரையே அவமதிப்பது.

5. பக்கத்து வீட்டு வாயிலுக்கு என்ன பதில்?

அகராதிக்கு விழும் மிகக் கடுமையான அடி இதுதான். ஹர்கிதா, கோவஸ்னா மாவட்டங்களில் வாழும் ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்களுக்கும் மாபெரும் மரவாயில்கள் உண்டு. வண்டி போக ஒரு பெருவாயில், ஆள் போக ஒரு சிறுவாயில், மேலே கூரை. அந்தக் கூரையில் புறாக்கூடு இருக்கும், வண்ணம் பூசியிருக்கும், உத்திரத்தில் வாசகம் இருக்கும். தூண்களில் வட்டப் பூ, சூரியன், சந்திரன், ஏறுகொடி. ஓதோர்ஹெயு நகருக்கு அருகில், 1890-இல் மறைந்த எழுத்தாளர் பலாஷ் ஒர்பானின் கல்லறைக்குப் போகும் வழியில் இத்தகைய வாயில்கள் வரிசையாக நிற்கின்றன.

இந்தச் செக்கேய் உருக்களுக்கும் ஓர் அகராதி இருக்கிறது. அதை எழுதியவர்கள் ஹங்கேரியர். யோஜெஃப் ஹுஸ்கா 1895-இல் செக்கேய் வீடு பற்றி நூல் எழுதினார். அந்த அணிகளின் வேரைக் கீழைநாடுகளில் தேடியவர் அவர். அந்த வழியில் போனவர்கள் இந்த வாயில்களில் புல்வெளியிலிருந்து குதிரையேறி வந்த முன்னோரின் நினைவைப் படித்தார்கள். ஒரே நாட்டில், ஒரே வகை மரத்தில், ஒரே வகை வட்டப் பூவை, ஒரு தரப்பு டேசியச் சூரியன் என்கிறது, இன்னொரு தரப்பு கீழைநாட்டு முன்னோரின் குறி என்கிறது. படிக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. கிடைக்கும் விடை மட்டும் படிப்பவரின் தேசத்துக்கு ஏற்ப மாறுகிறது. எதை வேண்டுமானாலும் நிறுவிக் காட்டும் முறை எதையும் நிறுவாது.

இரு அகராதிகளையும் மூடிவிட்டுப் பார்த்தால் அழகான உண்மை தெரிகிறது: ருமேனியர், ஹங்கேரியர், உக்ரைனியர், ஜெர்மானியர் எல்லாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு வளர்த்த பொதுத் தச்சுக்கலை. யாருடைய பெருமையும் இதனால் குறையவில்லை.

6. ஒருவர் வாழ்நாளிலேயே டேசியக் கதை முளைத்ததைப் பார்த்த பின்னுமா?

தொன்மக் கதைகள் எவ்வளவு விரைவாக உருவாகும் என்பதற்கு மரமுரேஷிலேயே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. சபுன்ட்சா ஊரின் களிப்புக் கல்லறைத் தோட்டம். நீல வண்ணம் பூசிய மரச்சிலுவைகள். ஒவ்வொன்றிலும் இறந்தவரின் உருவம், அவரே பேசுவதுபோல வேடிக்கையும் வெளிப்படையுமான பாட்டு. இதைத் தொடங்கியவர் ஸ்தான் இயோன் பத்ராஷ். 1908-இல் பிறந்தவர். 1935 வாக்கில் இத்தகைய சிலுவைகளைச் செதுக்கத் தொடங்கினார், 1977-இல் இறந்தார், அவரிடம் கற்றவர் தொடர்ந்து செய்தார். ஆள் தெரியும், ஆண்டு தெரியும், அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

இருந்தும் என்ன சொல்கிறார்கள்? இந்தச் சிரிப்பு, சாவைக் கண்டு மகிழ்ந்த டேசியரிடமிருந்து வந்தது என்கிறார்கள். டேசியரின் உறவினமான கெட்டியர் தம்மைச் சாவற்றவர்களாக நம்பினார்கள் என்றும், திராவ்சியர் என்ற திரேசியக் குலத்தார் பிறப்புக்கு அழுது இறப்புக்கு மகிழ்ந்தார்கள் என்றும் ஹெரொடோட்டஸ் எழுதியதை எடுத்து, 1935-இல் ஒரு தச்சர் கண்டுபிடித்த கலைக்கு வேராக ஒட்டிவிட்டார்கள். பத்ராஷின் கூர்மையான கண், அவரது பாட்டுத்திறன், ஊராரின் வாழ்வை அறிந்திருந்த அவரது பரிவு எல்லாம் இரத்தத்தில் வந்த நினைவாகச் சுருங்கிவிட்டன. தொடங்கியவர் யாரென்று தெரிந்த இடத்திலேயே இது நடந்தால், செதுக்கியவர் பெயர் தெரியாத வாயில்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

7. இந்த அகராதியை எழுதியது கிராமமா?

கிராமத்துப் பெரியவர்களே இப்படிச் சொல்கிறார்களே என்பது கடைசி அரண். டேசிய மூலம் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நிக்கொலாயே தென்சுஷியானுவின் 'வரலாற்றுக்கு முந்திய டேசியா' 1913-இல் வெளியானது. டேசியாவை உலக நாகரிகங்களின் ஊற்றாகக் காட்டிய நூல் அது. இரு உலகப் போர்களுக்கும் இடையே தேசத்தின் ஆன்மாவைத் தேடிய அறிவாளர்கள் டேசியரிடம் போனார்கள். 1980-இல் சௌஷெஸ்குவின் கம்யூனிச ஆட்சி, புரெபிஸ்தா மன்னனின் டேசிய அரசு நிறுவப்பட்ட 2050-ஆம் ஆண்டு என்று நாடு முழுவதும் விழா எடுத்தது. ஒருமைப்பட்ட, தன்னாட்சியான, ஒற்றைத் தலைவனின் பழங்கால அரசு அன்றைய ஆட்சிக்கு வசதியான முன்னோர். அதன் பிறகு சுற்றுலா வந்தது. ஒரு பக்கத்தில் அடங்கும் விளக்கம் அதற்குத் தேவைப்பட்டது.

ஒரு கருத்து எங்கே பிறந்தது என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. ஆனால் நூல், பள்ளி, வானொலி, வழிகாட்டி வழியாக மூன்று தலைமுறை கேட்ட ஒன்றை ஓர் ஊர்ப் பெரியவர் திரும்பச் சொல்லும்போது, அதைத் தனிச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அச்சிலிருந்து வாய்க்குப் போனதை வாயிலிருந்து அச்சுக்கு வந்ததாக எழுதுகிறோம்.

அப்படியானால் வாயிலுக்குப் பொருளே இல்லையா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. அந்தப் பொருளைக் காக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வாயிலின் முதல் பொருள் சமூக நிலை. மரமுரேஷில் நெமேஷ் என்ற சிறுநிலப் பிரபுக் குடும்பங்கள் ஏராளம்; ஹங்கேரிய மன்னர்களிடமிருந்து பட்டயம் பெற்றவர்கள். உழவரோடு உழவராக வாழ்ந்தாலும் தம் உரிமையை மறக்காதவர்கள். கூரை போட்ட பெருவாயில் அந்தக் குடும்பங்களின் அடையாளமாக இருந்தது. மற்றவர்கள் வீட்டு முன்னால் எளிய படல். மூன்று கனத்த ஓக் தூண்கள், வைக்கோல் வண்டி நுழையும் அகலம், மேலே மர ஓடு வேய்ந்த கூரை: இங்கே வாழ்பவர் யாருக்கும் அடிமையில்லை என்பதை ஊருக்கு அறிவிக்கும் கட்டடம் அது. பண்ணையடிமை முறை 1848-இல் ஒழிந்த பிறகு, வசதி வந்த மற்றவர்களும் பெருவாயில் வைத்துக்கொள்ளத் தடையில்லாமல் போயிற்று. உரிமை பரவியதன் வரலாறு வாயில் பரவியதில் இருக்கிறது. சூரியனையும் கயிற்றையும் பொருள் பிரித்துக்கொண்டே போகும் அகராதியில் இந்த வரலாற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது பொருள் சடங்கு. வாயிலடியில் புனித நீர், சாம்பிராணி, நாணயம் இட்டுத் தீமையைத் தடுக்கும் வழக்கம் இப்பகுதியில் பேசப்படுவது. மணமகள் புறப்படுவதும் பிணம் புறப்படுவதும் அந்த வாயில் வழியாகத்தான். இவை மனிதர் செய்யும் செயல்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், பதிவு செய்யலாம், ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். வாயிலின் புனிதம் அங்கே இருக்கிறது. தூணில் செதுக்கிய பூ என்ன என்பதில் அந்த வீட்டாரே உடன்படாமல் இருக்கலாம். வாயிலைக் கடக்கும்போது சிலுவைக்குறி இடுபவருக்கு ஐயம் இல்லை.

மூன்றாவது பொருள் கலை. எந்தத் தூணில் எவ்வளவு வெற்றிடம் விடுவது, கயிற்றின் முறுக்கை எங்கே நிறுத்துவது, நிழல் விழ எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பவை செதுக்குபவர் எடுக்கும் முடிவுகள். ஒரே பூவை இரண்டு ஊர்த் தச்சர்கள் இருவேறு விதமாக வெட்டுகிறார்கள். அந்த வேறுபாட்டில்தான் கலை இருக்கிறது. அகராதி பார்ப்பதோ இரண்டிலும் பொதுவாக உள்ளதை மட்டும்.

விளைவுகளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அகராதி நிலைபெற்ற இடத்தில் வாங்குபவர் பட்டியலோடு வருகிறார்: கயிறு வேண்டும், சூரியன் வேண்டும், உயிர்மரம் வேண்டும். விடுதி முன்னாலும் உணவகம் முன்னாலும் வைக்க எல்லா உருவையும் ஒரே தூணில் திணித்த வாயில்கள் கேட்கப்படுகின்றன. திராட்சைக் குலையோ, குதிரையோ, நடனமாடும் இணையோ செதுக்க விரும்பும் தச்சர் மரபு மீறியவர் ஆகிறார். மாற்றிப் பார்க்கும் உரிமை இழந்த கைத்தொழில் செத்துக்கொண்டிருக்கும் கைத்தொழில். ஆனால் மரமுரேஷ் தச்சர்களின் தொழில் சாகவில்லை. 1990-க்குப் பிறகு பர்சானாவில் எழுந்த புதிய மடாலயத்தின் மரக்கட்டடங்களே அதற்குச் சான்று.

பிரான்ஸிலும் இத்தாலியிலும் கட்டட வேலை செய்து பணம் சேர்த்துத் திரும்பியவர்கள் பெரிய வீடுகளும் அவற்றின் முன் பெரிய வாயில்களும் எழுப்புகிறார்கள். அகராதிக்காரர்களுக்கு இது சீரழிவு, குறிகளின் பொருள் மறந்துபோனதன் அடையாளம். நான் இதை முற்றிலும் மறுக்கிறேன். நெமேஷ் குடும்பம் தன் வாயிலால் சொன்னதையே இந்தக் கூலித் தொழிலாளியும் சொல்கிறார்: நான் நிமிர்ந்து நிற்கிறேன், என் வீட்டைப் பாருங்கள். வாயிலின் உண்மையான மரபு அறுபடாமல் தொடர்வது இங்கேதான். டேசியரைத் தேடும் கண்ணுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

பெருங்கலைஞர்களையும் இந்தப் பார்வை விட்டுவைக்கவில்லை. கொன்ஸ்தந்தின் பிரான்குஷி ஹொபித்சா என்ற சிற்றூரில் 1876-இல் பிறந்தவர்; செதுக்கு மரத்தூண்களுக்கு நடுவே வளர்ந்தவர்; 1904 முதல் பாரிஸில் வாழ்ந்தவர். 1938-இல் தர்கு ஜியூவில் அவர் நிறுவிய முத்த வாயிலும் முடிவற்ற தூணும் உலகச் சிற்பக்கலையின் திருப்புமுனைகள். கிராமத் தச்சர்களிடம் அவர் கற்றார் என்பது பெருமைக்குரிய உண்மை. அவர் முன்னோரின் மறைகுறிகளைச் சுமந்து வந்து சேர்த்தார் என்பது அவர் கண்டுபிடித்ததை அவரிடமிருந்தே பறிப்பது. உலகப் புகழ் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், வாது இசேய் ஊரிலோ பர்சானாவிலோ உளி பிடிப்பவருக்காக யார் பேசுவார்கள்?

ஆகவே என் கோரிக்கை தெளிவானது. ஒரு வாயிலைப் பற்றி எழுதுபவர் முதலில் நான்கு கேள்விகள் கேட்கட்டும்: செதுக்கியவர் யார், செய்வித்தவர் யார், எந்த ஆண்டு, அதே தச்சர் வேறு எங்கே என்ன செய்திருக்கிறார். பல வாயில்களில் உரிமையாளர் பெயரும் ஆண்டும் மரத்திலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. கண்முன் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுக் குறிகளுக்குப் போகலாம். பிறகு அண்டையிலுள்ள தேவாலயத்தையும் மலைக்கு அப்பாலுள்ள செக்கேய் வாயிலையும் பார்க்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு விளங்காத ஏதேனும் மிஞ்சினால் அப்போது டேசியரைப் பற்றிப் பேசலாம். அதற்கான சான்றை முன்வைக்கும் கடமை அப்படிச் சொல்பவருடையது. சான்று வரும்வரை, இந்த வாயில்களுக்கான புகழ் அவற்றைச் செய்தவர்களுக்கு உரியது: கூலி பேசி, ஓக் மரம் தேர்ந்து, குளிரில் கை விறைக்கச் செதுக்கி, தம் காலத்து ஊராருக்காக நிறுத்திய தச்சர்களுக்கு.